‘இறங்கு’ என்று எழுதிய முபீனா

பழவேற்காட்டில் வலையும் கயிறும் தக்கையும் விற்கும் அப்துல் வஹாப்பின் மூத்த மகள் முபீனா, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு விளையாட்டுப் பொறிக்குத் தமிழ் எழுதப் போகிறாள் என்ற செய்தி, அதைக் கேட்ட ஒருவருக்கும் விளங்கவில்லை. பொறிக்கு எண்ணெய் போடுவார்கள், வண்ணம் பூசுவார்கள். தமிழ் எழுதுவானேன்? தகப்பனாரே அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டார்.

“மெனுன்னு சொன்னியே, ஓட்டல்லயாம்மா வேல?”

“இல்ல வாப்பா. கேம் ஆடறதுக்கு முன்னாடி சத்தம் எவ்ளோ, வேகம் எவ்ளோன்னு கேக்கும்ல, அத நா எழுதணும்.”

“அத அந்த மிசினே கேக்காதா?”

“தமிழ்ல கேக்கத் தெரியாது வாப்பா.”

அவர் சற்று யோசித்துவிட்டு, “பாவம்” என்றார். பொறியைச் சொன்னாரா, மகளைச் சொன்னாரா என்பது தெரியவில்லை.

முபீனாவுக்கு அப்போது முப்பதை நெருங்கும் வயது. பள்ளிப்படிப்பு முடிந்ததும் பொன்னேரியில் ஒரு டி.டி.பி. கடையில் சேர்ந்தவள். திருமண அழைப்பிதழ், மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை, திருவிழாத் துண்டறிக்கை, கண்ணீர் அஞ்சலி என்று அந்த வட்டாரத்தின் நல்லதும் கெட்டதும் அவள் விரல் வழியாகத்தான் அச்சுக்குப் போயின. மணமகன் பெயரில் ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பின்னர் ஃபிளெக்ஸ் பதாகைகள் வந்தன. வருகிறவர்கள் எழுத்தைக் கேட்பதை விட்டுவிட்டுப் புகைப்படத்தைப் பெரிதாகக் கேட்கத் தொடங்கினார்கள். கடைக்காரர் கணிப்பொறிகளை விற்றுவிட்டு வேறு தொழில் பார்க்கப் போனார்.

“ரம்சான் கழிஞ்சதும் நம்ம கடைக்கே வந்துடும்மா. கல்லால ஒக்கார ஆளு வோணும்” என்று அப்துல் வஹாப் சொல்லி வைத்தார். அவர் கட்டாயப்படுத்தும் மனிதர் அல்லர். கடையும் முபீனாவுக்கு வெறுப்பானதன்று. ஆயினும் எழுத்தின் வளைவையும் இடைவெளியையும் பழகிய கையை வலைக்கண் எண்ணும் வேலையில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஜோசப்பின் அழைப்பு வந்தது.

ஜோசப் மணவாள நகரில் குடியிருப்பவர், நாற்பது வயதுக்காரர். தேவாலயத்துக்கு வேண்டிய அறிக்கைகளைப் பொன்னேரிக் கடையில் முபீனாவிடம் கொடுத்து அச்சிட்டு வந்த பழக்கம் உண்டு. அவர் பணிபுரிந்த சிறிய நிறுவனம், உருக்காலைகளில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சி தரும் பொறியைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. தலைக்கவசம் போன்ற ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் கண் முன்னே உலைக்கூடமே விரியும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். மெய்நிகர்க் காட்சி என்று அதற்குப் பெயர். அங்கே வேலை பார்த்தவர்களோ அதை ‘ஹெல்மெட்டு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். இரண்டு ஆலைகள் வாங்கின, அதற்குமேல் எவரும் வாங்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கவசங்கள் பெட்டியோடு கிடப்பதைப் பார்க்கச் சகியாமல் முதலாளி ஒரு யோசனை சொன்னார். பொருட்காட்சிகளில் வைக்கத் தகுந்த விளையாட்டு ஒன்றைச் செய்யுங்கள் என்பதே அது. ஜோசப் ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயத்தைச் செய்தார். ஒரு காலத்தில் பந்தயம் நடந்த சோழவரம் ஓடுதளத்தையே காட்சியாக அமைத்தார். உண்மையான வண்டியின் இருக்கையும் கைப்பிடியும் ஓர் இரும்பு மேடையில் பொருத்தப்பட்டன. அமர்ந்து கவசத்தை மாட்டிக்கொண்டால் ஓடுதளத்தில் பறக்கலாம்.

குறை ஒன்றே. பறப்பதற்குமுன் தோன்றும் அமைப்புப் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. பொருட்காட்சி ஒப்பந்தக்காரர் அப்பாவு அதை ஒரு முறை பார்த்துவிட்டு, “திருவள்ளூர் சனத்துக்கு இதப் படிச்சிச் சொல்ல நா ஒரு வாத்தியார வெக்கணுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அதனால்தான் முபீனா வந்தாள். பொருட்காட்சி வரைக்கும் பார்ப்போம், பொறி விலைபோனால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் இல்லை என்று முதலாளி முதல் நாளே நேராகச் சொல்லிவிட்டார்.

வேலை எளிது போலத் தோன்றியது, எளிதாக இருக்கவில்லை. அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, கொடுத்தால் கட்டம் கட்டமாகக் காட்டும். எனவே ஒவ்வொரு சொல்லையும் முபீனா ஒரு படமாகச் செய்து கொடுக்கவேண்டியிருந்தது. கவசத்துக்குள்ளிருந்த திரையோ மிகவும் கரடுமுரடானது. சிறிய எழுத்தாக இருந்தால் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துபோகும், ‘று’வும் ‘நு’வும் ஒன்றாகிவிடும். புள்ளிகளைக் குண்டு குண்டாக்கினாள். கொம்புகளைத் தடிப்பாக்கினாள். எழுத்துப் பெரிதானதும் சொல் குறுகவேண்டியதாயிற்று. ஒரு வரியில் மூன்று சொல்லுக்குமேல் இடமில்லை, சொல்லும் நீளக்கூடாது. தேர்ந்தெடுக்கும் முறையும் புதிது. தலையைத் திருப்பி ஒரு சொல்லையே உற்றுப் பார்த்தால், பார்வையோடு நகரும் வெள்ளைப் பொட்டு அதன்மேல் நிற்கும். சற்று நேரத்தில் சொல் மஞ்சளாகும். அதற்கேற்பக் காட்சி மாறும்.

ஒலி, வேகம், மொழி ஆகிய மூன்று வரிகளும் சிக்கலின்றி முடிந்தன. நான்காவது வரி உயரம். குள்ளமானவருக்கும் நெடியவருக்கும் கண்மட்டம் வேறுபடும் அல்லவா? காட்சியை அதற்கேற்ப மேலே ஏற்றவோ கீழே இறக்கவோ வேண்டும். முபீனா, ‘உயரம்: ஏற்று, இறக்கு’ என்று எழுதினாள். அதுவே சரியான தமிழ். ஏற்றுவதும் இறக்குவதும் ஒன்றை வேறொருவர் செய்விப்பது, அதாவது பிறவினை. ஏறுவதும் இறங்குவதும் தானே செய்வது, அதாவது தன்வினை.

ஜோசப் கவசத்தை மாட்டிக்கொண்டு பார்த்தார். மாட்டிய வேகத்தில் கழற்றினார்.

“இன்னாம்மா இது, எடுத்தவொடனே ‘இறக்க’ச் சொல்லுது? பந்தயத்துல பைக்கு ஓட்டப்போறவன் கண்ணு முன்னாடி இந்த வார்த்தையா?”

“சார், அது சாவுற இறக்க இல்ல. கீழ எறக்கறது.”

“உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஹெல்மெட்ட மாட்டிக்கினு ஒக்காந்திருக்கிறவனுக்கு யாரு சொல்றது? அவன் பொண்டாட்டி பக்கத்துல நிப்பா. கேட்டா நம்மள அடிக்க வருவா. மங்களகரமா வேற ஒண்ணு போடும்மா.”

கண்ணீர் அஞ்சலிகளைத் தட்டச்சு செய்தவள் ஆதலால் முபீனாவுக்கு அந்த அச்சம் புரிந்தது. ஓர் எழுத்தை மாற்றினால் போதும். ‘ஏறு, இறங்கு’ என்று மாற்றினாள். இலக்கணம் சற்றே இடித்தது. சின்னத் திரையில் அதை எவர் கவனிக்கப்போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டாள். ஜோசப்பும் மாட்டிப் பார்த்து, “இப்ப சரி” என்றார். இருவருக்கும் அந்தப் பட்டியல் மனப்பாடம், அதைச் சொல்லாகப் படித்தவர் இருவரில் ஒருவரும் இல்லை.

அப்பாவு வெள்ளிக்கிழமை வந்து முடிவு சொல்வதாக இருந்தார். அதற்குமுன் வெளியாள் ஒருவரை வைத்துப் பார்த்துவிடலாம் என்று, சரக்கு இறக்கும் வேலையிலிருந்த கலியனை ஜோசப் கூப்பிட்டார். கலியன் நெடிய ஆள், பனைமரம் போல் நிமிர்ந்து நடப்பவர். வேலையாட்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

“அண்ணே, லைசென்சு இருக்குதா?” என்றான் ஒருவன்.

“உங்க நைனாகிட்ட கேளு, குடுத்தனுப்புவாரு” என்று சொல்லிவிட்டுக் கலியன் கெத்தாக ஏறி அமர்ந்தார். கவசத்தை மாட்டினார்கள்.

“நாலு வரி தெரியுதா கலியா? ஒவ்வொண்ணா பாத்து வெச்சுக்கோ. உயரத்த மறக்காத” என்று சொல்லிக்கொண்டே ஜோசப் பின்பக்கம் கேபிளைச் சரிசெய்யக் குனிந்தார்.

கலியன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒலி வைத்தார், வேகம் வைத்தார். பிறகு சற்று அசையாமல் இருந்தார். திடீரென்று வலக்காலைத் தூக்கி வீசி வண்டியைவிட்டு இறங்க முற்பட்டார். கவசத்தின் கேபிள் காலில் மாட்டியது. இரும்பு மேடையின் விளிம்பில் புருவம் இடிக்க, முழு நீளத்துக்கும் தரையில் விழுந்தார்.

சிரித்தவர்கள் இரத்தத்தைப் பார்த்ததும் வாயை மூடினார்கள். முபீனா தன் துப்பட்டாவின் முனையைக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்தாள்.

“இன்னாய்யா ஆச்சு?” என்றார் ஜோசப்.

கலியன் கூட்டத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“தல சுத்திச்சி சார்.”

புருவத்தில் இரண்டு தையல் போட்டார்கள். காயம் சிறியது. அந்த ஒரு சொல்தான் பெரிதாகிவிட்டது. தலைக்கவசப் பொறிகளில் தலைசுற்றல் வரும் என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதியிருப்பதை முதலாளியும் படித்திருந்தார். செய்தி அப்பாவுவின் காதுக்கும் எட்டிவிட்டது.

“தல சுத்தற பண்டத்த பொருட்காட்சில வெச்சா, பஜ்ஜி தின்னுட்டு வர்றவன் என் பந்தல்லயே வாந்தி எடுப்பான். எனக்கு வேணாம் சாமி” என்று தொலைபேசியில் சொன்னார். முதலாளி அவரைக் கெஞ்சி, வெள்ளிக்கிழமை வந்தாவது பாருங்கள் என்று சம்மதிக்க வைத்தார். தொலைபேசியை வைத்ததும் ஜோசப்பைப் பார்த்து, “தலைசுற்றலைத் தீர்க்க முடியாவிட்டால் கவசங்களைப் பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள். அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிடுங்கள்” என்றார். கதவு திறந்திருந்தது, சொல்லவேண்டிய தேவையே ஏற்படவில்லை.

ஜோசப் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். வளைவுகளைத் தளர்த்தினார். முபீனா கவசத்தை மாட்டிக்கொண்டு, தலை சுற்றட்டும் என்று வேண்டிக்கொண்டே சோழவரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். காரணம் தெரிந்துவிடும் அல்லவா? அவளுக்குச் சுற்றவே இல்லை. எதைத் திருத்துவதென்று தெரியாமல் திருத்துவதைப்போல ஒரு துன்பம் வேறில்லை. தட்டச்சில் பிழை என்றால் அது ஏதோ ஓர் எழுத்தில் இருக்கும், தேடினால் அகப்படும். இது தலைக்குள்ளே இருக்கும் பிழை. ரயிலிலும் பேருந்திலுமாகப் பழவேற்காடு திரும்பும்போதெல்லாம் கல்லாப்பெட்டியும் நைலான் கயிற்றின் வாடையும் அவள் நினைவுக்கு வந்தன.

வியாழக்கிழமை காலையில் அவள் நிறுவனத்துக்குள் நுழையாமல், வாயிலுக்கு வெளியே கங்கம்மாவின் நாஷ்டா கடைக்குப் போனாள். கங்கம்மா கலியனின் மனைவி, ஆந்திராவில் சூளூர்ப்பேட்டைப் பக்கம் பிறந்தவள். கலியனும் கட்டுப்போட்ட புருவத்தோடு அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“வா கண்ணு, குந்து. இட்லி வெக்கட்டா?” என்றாள் கங்கம்மா.

“வேணாங்க்கா. அண்ணனுக்கு இப்ப எப்டி இருக்குதுன்னு பாக்க வந்தேன். தலசுத்தல் நின்னுடுச்சா?”

“தலசுத்தலா?” கங்கம்மா கரண்டியை வைத்தாள். “யாருக்கு? இந்த ஆளுக்கா? பதினஞ்சு வயசுலேர்ந்து பனமரம் ஏறின மன்சன் கண்ணு. உச்சில நின்னுக்கினு பீடி குடிப்பாரு. ராட்டினத்துல ஏத்தினா தூங்குவாரு. இவருக்குத் தல சுத்திச்சின்னு எவன் சொன்னான்?”

“அண்ணன்தான் சொன்னாரு.”

கலியன் டீக்குவளைக்குள் எதையோ தேடுகிறவர்போல் குனிந்தார். முபீனா அவர் எதிரில் அமர்ந்தாள்.

“அண்ணே, என் வேல போனாப் போவுது. வுழறதுக்கு முன்னாடி கடைசியா இன்னா பாத்தீங்க? அத மட்டும் சொல்லுங்க.”

“வுடும்மா.”

“சொல்லு மாமா. வாயில கொழுக்கட்டையா?” என்றாள் கங்கம்மா.

கலியன் குவளையைப் பெஞ்சில் வைத்தார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்.

“எறங்குன்னு போட்டுச்சி. எறங்கினேன்.”

முபீனாவுக்கு முதலில் புரியவில்லை.

“சார் உயரத்தப் பாருன்னாரு. பாத்தேன். ‘இறங்கு’ன்னு பெருசா வந்துச்சி. இன்னும் வண்டியே கெளம்பல, அதுக்குள்ள எறங்கச் சொல்றானேன்னு உத்துப் பாத்தேன். பாக்கப் பாக்க மஞ்சளா மாறிக் கத்துற மாதிரி ஆச்சு. சரி, மிசினுல ஏதோ கோளாறு, அதான் எறங்கச் சொல்றாங்கன்னு கால எடுத்தேன். அதே நேரத்துல தரையும் மேல வர்ற மாதிரி வந்துச்சி. நிக்கிற வண்டிலேர்ந்து வுழுந்தவன்னு நாலு பேரு சிரிப்பானுங்களேன்னுதான்…”

கங்கம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள். “நா பத்து தபா சொன்னா ஒரு தபா காதுல வாங்காத ஆளு! அந்த டப்பா ஒரு தபா சொன்னதும் கேட்டுக்கினியா? நாளைலேர்ந்து நானும் மஞ்சளா எழுதி நெத்தில ஒட்டிக்கினு நிக்கிறேன்!”

முபீனா சிரிக்கவில்லை. பேருந்திலும் ரயிலிலும் நாள்தோறும் கேட்கும் சொல், நடத்துநர் உரத்த குரலில் சொல்லும் சொல், ஆளைத் தரையில் கால்வைக்கச் சொல்லும் சொல். அதை அவள்தான் எழுதினாள். தரை மேலெழுந்து வந்ததும் அதனால்தான். உற்றுப் பார்த்ததால் கட்டளை தேர்வாகி, கண்மட்டம் கீழே இறங்கிவிட்டது. பொறியின்மேல் குற்றமில்லை, கலியனின் தலைமேலும் குற்றமில்லை. ஒரே ஓர் எழுத்தின்மேல் குற்றம்.

குற்றம் தன்னுடையது என்ற அச்சத்துக்கும் முன்னே, பிழை இருக்கும் இடம் தெரிந்துவிட்டது என்ற ஆறுதல்தான் அவளுக்கு வந்தது. எழுத்துப் பிழைதானே! எழுத்துப் பிழையை அவளால் திருத்த முடியும்.

ஓடிப்போய் ஜோசப்பிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.

“கர்த்தரே, தலசுத்தலே இல்லியா?” என்றார். பிறகு கண்ணைத் திறந்து, “‘இறக்கு’ன்னு நீ போட்டத மாத்தச் சொன்னது நான்தானே?” என்றார்.

“மாத்தினது நான் சார்.”

“சரி, பாதிப் பாதி. இப்ப இன்னா போடலாம்?”

அன்று பகல் முழுதும் அந்த ஒரு வரியோடு போராடினார்கள். ‘தூக்கு’ என்று ஜோசப் சொல்லி, சொன்ன வாயை உடனே பொத்திக்கொண்டார். ‘உயர்த்து, தாழ்த்து’ இடத்தில் அடங்கவில்லை. ‘மேலே, கீழே’ என்று போட்டுக் கணக்குப் பிரிவுப் பெண்ணை உட்காரவைத்தார்கள். அவள் ‘மேலே’ என்று படித்தாள், உடனே மேலே நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். வெள்ளைப் பொட்டு வானத்துக்குப் போய்விட்டது. “மேல ஒண்ணும் காணமே சார்” என்றாள்.

“இவங்க எல்லாரும் சொன்ன பேச்சு கேக்கறாங்கம்மா. அதான் பேஜாரு” என்றார் ஜோசப் சலிப்போடு.

மாலையில் இருவரும் தேநீருக்குக் கங்கம்மாவின் கடைக்குப் போனபோது, வேலை முடிந்து வந்த உருக்காலைக்காரர்கள் பெஞ்சு நிறைய இருந்தார்கள். “அக்கா, ரெண்டு லைட்டு, ஒரு ஸ்டாங்கு.” “எனக்கு மீடியம்.” கங்கம்மாவின் கை நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. முபீனா அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ‘தூளைக் கூட்டு’ என்றோ ‘பாலைக் குறை’ என்றோ எவரும் சொல்லவில்லை. தமக்கு வேண்டியதன் பெயரைச் சொன்னார்கள், அது வந்தது.

“சார், நாம கட்டள போட்டுக்கினு இருக்கோம்” என்றாள். “பட்டியல்ல வினைச்சொல்லே இருக்கக் கூடாது. பெயரா இருக்கணும். பெயரப் பாத்தா யாரும் குதிக்கமாட்டாங்க.”

ஜோசப் தேநீரை வைத்தார். “குட்டை, நடு, நெட்டை?”

“யாரு குட்டை?” என்று அடுப்பங்கரையிலிருந்து குரல் வந்தது. கங்கம்மா உயரத்தில் சிறியவள். “இன்னா சார், டப்பு குடுத்து வெளாட வர்றவனப் போயி குட்டைன்னு சொல்லுவீங்களா? நானா இருந்தா நெட்டையத்தான் பாப்பேன்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆளைக் குறிக்கும் பெயரும் கூடாது. அப்படியானால் வண்டியைக் குறிக்கும் பெயர். முபீனா தேநீரைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போனாள். ‘வண்டி: சின்னது, நடு, பெரியது’ என்று எழுதினாள். ‘உயரம்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, ‘கூட்டு, குறை’ என்று ஒலியில் இருந்தவற்றையும் நீக்கினாள். அதிகம், நடு, குறைவு. பட்டியல் முழுவதிலும் ஒரே ஒரு வினைச்சொல் மிஞ்சியது, கடைசி வரியில்: ‘புறப்படு.’ அதற்கு எவர் கீழ்ப்படிந்தாலும் நல்லதே.

வெள்ளிக்கிழமை அப்பாவு வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் வெற்றிலைப் பை. பொறியை நாலடி தள்ளி நின்றே பார்த்தார்.

“யாராச்சும் ஆடிக் காட்டுங்க. வுழுந்தவன் யாரு? அவனே ஆடட்டும்.”

கலியன் முபீனாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் மூச்சை இழுத்துவிட்டு ஏறி அமர்ந்தார். கவசத்துக்குள் தெரிவதை வெளியே காட்ட அன்று வைத்திருந்த தொலைக்காட்சியில் பட்டியல் தெரிந்தது. வெள்ளைப் பொட்டு ‘பெரியது’ என்பதன்மேல் போய் நின்றது. சொல் மஞ்சளாயிற்று. கலியன் அசையவில்லை, கால் கால்மிதியிலேயே இருந்தது. பொட்டு மெதுவாகக் கீழே வந்து ‘புறப்படு’மேல் நின்றது.

பிறகு கலியன் சோழவரத்தில் பறந்தார். வளைவில் சாய்ந்தார், முன்னே போனவனைத் திட்டினார், வழிவிடச் சொல்லி “ஒத்து! ஒத்துடா!” என்று கத்தினார். முடிந்ததும் கவசத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, “இன்னொரு தபா வெளாடட்டா?” என்றார்.

“தல சுத்தலியா?” என்றார் அப்பாவு.

“சுத்தல சாமி. அன்னிக்கும் சுத்தல. படிக்கத் தெரிஞ்சதால வுழுந்தேன்.”

கூட்டம் சிரித்தது, அப்பாவுவுக்கு விளங்கவில்லை. ஜோசப் நடந்ததை மறைக்காமல் சொன்னார். சொல்லச் சொல்ல அப்பாவு சிரிக்கத் தொடங்கி, வெற்றிலைச் சாறு புரையேறி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த வார்த்தைய எழுதின பொண்ணு யாரு?”

முபீனா முன்னே வந்தாள். “நான்தான் சார். இப்ப மாத்திட்டேன்.”

அப்பாவு துண்டைக் கலியனிடம் கொடுத்துவிட்டுத் தாமே வண்டியில் ஏறினார். குள்ளமான மனிதர். பட்டியலில் சற்றும் தயங்காமல் ‘பெரியது’ என்பதையே பார்த்தார். ஆட்டம் முடிந்து இறங்கியதும் முதலாளியிடம் திரும்பினார்.

“தீபாவளிக்கு மூணு வண்டி வோணும். பொங்கலுக்கு நாயுடுப்பேட்டை, நெல்லூரு போறேன். அங்க தெலுங்குல வோணும். இதே பொண்ணு எழுதட்டும். எங்க வுழுவாங்கன்னு இதுக்குத்தான் தெரியும்.”

“எனக்குத் தெலுங்கு தெரியாதே சார்” என்றாள் முபீனா.

“வாசல்ல இட்லி விக்கிற அம்மாவுக்குத் தெரியும்ல? வெச்சிக்கோ.”

முதலாளி ஜோசப்பைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் படிக்க எழுத்து தெரியவேண்டியதில்லை. “திங்கட்கிழமை ஆபீஸ்ல போட்டோ குடுத்துடும்மா, அடையாள அட்டைக்கு” என்றார் ஜோசப், இயல்பான குரலில்.

அன்று மாலை கும்மிடிப்பூண்டி ரயில்நிலையத்தில், வண்டி வருமுன் முபீனா தகப்பனாருக்குத் தொலைபேசியில் பேசினாள். பல நாள்களாக இதை எப்படிச் சொல்வதென்று அவள் ஒத்திகை பார்த்திருந்தாள். அவர் கடைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார், கல்லாவுக்கு ஆளில்லை, மனம் நோகக்கூடாது.

“வாப்பா, வேல நெலச்சிடுச்சி. கடைக்கு வேற ஆளு பாத்துக்கறீங்களா? கோவம் இல்லியே?”

மறுமுனையில் யாரோ கயிறு அளக்கும் சத்தம் கேட்டது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் அப்துல் வஹாப். அவர் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது குரலிலேயே தெரிந்தது. “உங்க மாமி மவன் அஹ்சன் பெருநாள் முடிஞ்சதும் வந்து கல்லால ஒக்காந்துட்டாம்மா. நல்லா யாவாரம் பண்றான். நீ இருட்டுல போயி இருட்டுல வர்ற, ஒனக்குத் தெரியல. நீ வந்து நிப்பியே, ஒன்கிட்ட எப்டிச் சொல்றதுன்னு உங்க உம்மாவும் நானும் ராத்திரிலாம் பேசிக்கினு இருந்தோம்.”

முபீனா நடைமேடையில் நின்றபடியே சிரித்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த உருக்காலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியபோதுதான், காலையிலிருந்து தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. வண்டி வருவதற்கு நேரம் இருந்தது. கடலை விற்கிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.